பள்ளியில் நம் பிள்ளை யாரிடம் பேசுவான்?

"கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், ஐயா!"

மகனைப் பள்ளியில் சேர்க்க வரும் தந்தையர் இப்படிச் சொல்லக் கேட்டிராத பழைய ஆசிரியர் மதுரைச் சீமையில் ஒருவரும் இருக்கமாட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மதுரை நகரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் தமிழாசிரியனாகப் பணியாற்றிய நான், இதனை நூறு முறையேனும் கேட்டிருப்பேன். கேட்டுப் பெருமிதமும் கொண்டிருக்கிறேன். ஆசிரியர்மீது பெற்றோர் வைத்துள்ள நம்பிக்கையின் அடையாளம் என்றே அதனை எண்ணினேன். அதனுள் நம்பிக்கை மட்டுமன்றி, "இவனை எங்களால் புரிந்துகொள்ள இயலவில்லை, நீங்களாவது பாருங்கள்" என்ற கையறு நிலையும் இருந்தது என்பதை உணர எனக்கு நெடுங்காலம் பிடித்தது.

ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். பள்ளியின் பெயரும் ஊரின் பெயரும் வேண்டா. தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன். எட்டாம் வகுப்பு வரை வகுப்பில் முதல் ஐந்து பேருள் ஒருவனாக இருந்தவன். கிராமத்திலிருந்து பேருந்தில் வந்து போவான். அந்த ஆண்டு ஆடி மாதத்திற்குப் பிறகு அவனது போக்கு மாறியது. முதல் பாடவேளையிலேயே தூங்கி விழுந்தான். வீட்டுப்பாடம் எழுதி வருவதில்லை. எதற்கெடுத்தாலும் உடன் படிப்போரோடு கைகலப்பு. ஒருநாள் ஆய்வறைச் சன்னல் கண்ணாடியை உடைத்தான். தலைமையாசிரியர் அவன் தந்தையை வரவழைத்தார். வந்தவர் நடந்தது என்ன என்று ஒரு சொல்லும் கேட்கவில்லை. தாழ்வாரத்திலேயே, பிள்ளைகள் அனைவரும் பார்த்திருக்க, இடுப்பு வாரைக் கழற்றி மகனை விளாசினார். ஆசிரியர்கள் ஏழெட்டுப் பேர் அங்கே நின்றிருந்தோம், ஒருவரும் தடுக்கவில்லை. "பொறுப்புள்ள தகப்பன்" என்று பக்கத்தில் நின்றவரிடம் நான் மெல்லச் சொன்னதும் நினைவிருக்கிறது.

பையன் அழவே இல்லை. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டான். எங்கே போனான் என்று எவரும் விசாரிக்கவில்லை. பள்ளிக்கு ஒரு தொல்லை குறைந்தது என்றே நினைத்தோம்.

அதற்கும் சில மாதங்கள் கழித்து, சத்துணவுக் கூடத்தில் சமைத்து வந்த அம்மாள் ஒருவர் பேச்சுவாக்கில் அவனைக் குறிப்பிட்டார். "அந்தப் புள்ள ராத்திரியெல்லாம் தூங்காது, தமிழய்யா. அப்பன் குடிச்சிட்டு வந்து ஆத்தாளை அடிப்பான். குறுக்க விழுந்து தடுக்கணும்னு முழிச்சுக் கெடக்கும். எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லும்."

நான் திகைத்துப் போனேன். அவனுக்கு மூன்று ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் நான். அன்பைப் பற்றியும் அறத்தைப் பற்றியும் அந்த வகுப்பில் மணிக்கணக்காகப் பேசியவன். என்னிடம் சொல்லாததை அவன் சமையற்கூடத்தில் போய்ச் சொல்லியிருக்கிறான். "நீங்கள் அவனுக்கு என்ன சொன்னீர்கள், அம்மா?" என்று கேட்டேன். "நான் என்னத்தைச் சொல்ல? சாப்பிடு சாப்பிடுன்னு சொல்லிட்டுப் பக்கத்துல உக்காந்திருப்பேன்" என்றார்.

அவன் அவரைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்ற கேள்வி நெடுநாள் என்னை விடவில்லை. அதற்கு விடை போன்ற ஒன்றை, பணி ஓய்வு பெற்ற பின்னர், பீகார் மாநிலத்தில் நடந்த ஓர் உளவியல் ஆய்வைப் பற்றிப் படித்தபோதுதான் கண்டேன். அதனைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன். பொறுமையோடு படியுங்கள், நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிய செய்தி அதில் இருக்கிறது.

கோவாவில் தோன்றிய 'சங்காத்' என்னும் அமைப்பின் ஆய்வாளர்கள் பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 உயர்நிலைப் பள்ளிகளை எடுத்துக்கொண்டனர். அப்பள்ளிகளைக் குலுக்கல் முறையில் மூன்று வகையாகப் பிரித்தனர். முதல் வகைப் பள்ளிகளில் முழுநேர ஆலோசகர் ஒருவர் அமர்த்தப்பட்டார். அவர் மருத்துவர் அல்லர். தொழில்முறை உளவியலாளரும் அல்லர். இப்பணிக்கெனப் பயிற்சி பெற்ற சாதாரண மனிதர். இரண்டாம் வகைப் பள்ளிகளில் இதே பணி அங்குள்ள ஆசிரியர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்கும் பயிற்சி தரப்பட்டது. மூன்றாம் வகைப் பள்ளிகளில் அரசு வழக்கமாக நடத்தும் வளரிளம் பருவக் கல்வி வகுப்புகள் மட்டும் நடந்தன.

ஆலோசகரின் பணி என்ன? பெரிய வித்தை ஒன்றுமில்லை. காலைக் கூட்டத்தில் பேசுவது, மாணவர்களைக் கொண்டு சுவர்ப் பத்திரிகை நடத்துவது, மனக்குறைகளை எழுதிப் போட ஒரு பெட்டி வைத்து அதில் வந்தவற்றிற்கு மறுமொழி தருவது, மாணவர் குழுக்களைக் கூட்டிப் பேசச் செய்வது, தனியே பேச விரும்பும் பிள்ளையை அமர்த்திக் கேட்பது ஆகியவைதாம். பெரும்பாலும் நம் பள்ளிகளில் அவ்வப்போது நடந்து, கவனிப்பாரின்றி நின்றுபோன காரியங்கள். எங்கள் பள்ளியிலும் கையெழுத்துப் பத்திரிகை ஒன்று நான்கு இதழ்கள் வந்து நின்றது. அதற்குக் காரணமானவர்களுள் நானும் ஒருவன் என்பதால் அதைப் பற்றி மேலே சொல்லவில்லை.

எட்டு மாதங்களுக்குப் பின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் கேட்டறிந்தார்கள். ஆலோசகர் இருந்த பள்ளிகளில், பள்ளியின் சூழல் நன்றாக இருப்பதாகப் பிள்ளைகள் கூறினர். மனச்சோர்வு குறைந்திருந்தது. எளியவனை வலியவன் சீண்டித் துன்புறுத்துவது குறைந்திருந்தது. அடிதடியும் குறைந்திருந்தது; அடிபட்டவர் தொகையும் அடித்தவர் தொகையும் இறங்கியிருந்தன. ஆசிரியரிடம் அதே பணி ஒப்படைக்கப்பட்ட பள்ளிகளிலோ, வழக்கமான பள்ளிகளைவிட எந்த நன்மையும் தென்படவில்லை. 2018-ஆம் ஆண்டு 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் இம்முடிவு வெளியாயிற்று. பின்னர் மேலும் ஓராண்டு தொடர்ந்து பார்த்தபோது நன்மை குறையவில்லை; வளர்ந்தே இருந்தது.

திட்டமும் பயிற்சியும் ஒன்றாயிருக்க, ஆசிரியர் செய்தபோது மட்டும் பயன் ஏன் விளையவில்லை? பீகார் ஆசிரியர்கள் அன்பற்றவர்கள் என்று எவரேனும் சொன்னால் நான் ஒப்பமாட்டேன். ஆசிரியருக்குப் பாடம் முடிக்கவேண்டும்; தேர்வுத்தாள் திருத்தவேண்டும்; பதிவேடு எழுதவேண்டும்; தேர்தல் வேலைக்கும் கணக்கெடுப்புக்கும் போகவேண்டும். இவற்றிற்கிடையே ஒரு பிள்ளையோடு அரைமணி நேரம் அமர்வது எங்ஙனம்? இது வெளிப்படையான காரணம். இதனினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு என்பது என் எண்ணம். தன்னை அளந்து மதிப்பெண் இடுபவரிடம் பிள்ளை தன் காயத்தைக் காட்டத் தயங்குகிறது. நம் சத்துணவுக்கூடத்து அம்மாளின் கையில் பிரம்பும் இல்லை. மதிப்பெண் பதிவேடும் இல்லை. அவர் சொல்லால் அவனுக்கு மாற்றுச் சான்றிதழ் வரப்போவதில்லை. அவரிடம் அழுதாலும் தந்தையை வரவழைக்கப் போவதில்லை.

இதற்கு மாறாகத் தோன்றும் ஆய்வு ஒன்றும் நம் நாட்டில் உண்டு. அதனை மறைப்பது நேர்மையன்று. பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமாகிய 'நிம்ஹான்ஸ்', வாழ்க்கைத் திறன் கல்வி என்னும் திட்டத்தை வகுத்துக் கருநாடகப் பள்ளிகளில் ஆசிரியர்களைக் கொண்டே நடத்தியது. சினத்தை அடக்குதல், 'வேண்டாம்' என்று சொல்லப் பழகுதல், முடிவெடுத்தல் போன்றவற்றை விளையாட்டாலும் கலந்துரையாடலாலும் கற்பிக்கும் முறை அது. மருத்துவர் ஸ்ரீகலா பரத்தும் கிஷோர் குமாரும் 2010-ஆம் ஆண்டு அதன் விளைவை ஆராய்ந்து எழுதினர். இக்கல்வி பெற்ற 605 மாணாக்கரையும் பெறாத 423 மாணாக்கரையும் ஒப்பிட்டனர். பெற்றவர்களுக்குத் தன்மதிப்பு உயர்ந்திருந்தது. இடர்களைச் சமாளிக்க இயலும் என்ற துணிவு இருந்தது. ஆசிரியரோடும் பள்ளியோடும் இசைந்து போயினர். ஆகவே ஆசிரியரால் ஒன்றும் ஆகாது என்பது பிழை. வகுப்பு முழுமைக்கும் கற்பிக்கத்தக்க ஒன்றை ஆசிரியர் நன்றாகவே கற்பிக்கிறார். தனி ஒரு பிள்ளையின் இரவைப் பற்றிக் கேட்டறிவது வேறு பணி.

ஆனால் அந்தப் பெங்களூர் ஆய்வில் இன்னொரு வரி இருக்கிறது. பெற்றோரே, அதை இரண்டு முறை படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பள்ளியில் இத்தனை மாற்றம் கண்ட அதே மாணாக்கர், வீட்டாரோடு இசைந்து போவதில் மற்றவர்களிலிருந்து வேறுபடவில்லை. பள்ளி செய்த நன்மை வீட்டு வாசலோடு நின்றுவிட்டது.

ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் வளாகத்து வேப்பமரத்தடியில் நிற்கையில், இவற்றை நான் பெற்றோர் சிலரிடம் கூறியதுண்டு. பெரும்பாலும் கிடைக்கும் மறுமொழி ஒன்றுதான்: "அது அவன் பிறவிக் குணம் சார். அவன் தாத்தாவும் அப்படித்தான்." தாய்வழியில் வந்தது என்று தந்தையும், தந்தைவழியில் வந்தது என்று தாயும் அடித்துப் பேசுவார்கள். கேட்கச் சிரிப்பு வரும். ஆயினும் இந்தப் 'பிறவிக் குணம்' என்னும் எண்ணத்திற்கு நம் மதுரை மாவட்டம் கொடுத்த விலையை அறிந்தவர் சிரிக்கமாட்டார்.

வெள்ளையர் ஆட்சியில் குற்றப் பழங்குடிகள் சட்டம் என்று ஒன்று இருந்தது. ஒரு குலத்தில் பிறந்த காரணத்தாலேயே ஒருவனைக் குற்றவாளியாகப் பதிவு செய்ய அது இடம் தந்தது. மதுரைக்கு மேற்கேயுள்ள பிரமலைக் கள்ளர் மக்கள்மீது 1914 முதல் படிப்படியாக அச்சட்டம் பாய்ச்சப்பட்டது, கீழக்குயில்குடியில் தொடங்கியது. வயது வந்த ஆண்கள் கைரேகை பதிக்கவேண்டும். இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்கவேண்டும். வெளியூர் போக இராத்திரிச் சீட்டு வாங்கவேண்டும். எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் மாண்டனர். எந்தக் குற்றமும் செய்யாத சிறுவன், தன் பெயரும் ஒருநாள் அந்தப் பதிவேட்டில் ஏறும் என்று அறிந்தே வளர்ந்தான். சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் அச்சட்டம் நீங்கியது.

இதில் வியப்பு என்னவென்றால், இரத்தத்தில் ஊறிய குணம் என்று சட்டம் எழுதிய அதே அரசு, அந்தப் பிள்ளைகளுக்கென்று பள்ளிகளையும் திறந்தது. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் என்ற பெயரில் மதுரை, தேனி, திண்டுக்கல் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக நடத்தப்பட்டு வந்தவை அவையே. 'சீரமைப்பு' என்ற சொல்லில் அந்தப் பழைய இழிவு ஒட்டிக்கொண்டிருப்பதை நான் மறுக்கவில்லை. எனினும் அப்பள்ளிகளில் பயின்றோரின் மக்களும் பேரப் பிள்ளைகளும் ஆசிரியர்களாகவும் மருத்துவர்களாகவும் அதிகாரிகளாகவும் நம்மிடையே வாழ்கிறார்கள். பிறவிக் குணம் எங்கே போயிற்று?

இதே கேள்வியை வெளிநாட்டு ஆய்வாளர்களும் வேறு வகையில் கேட்டார்கள். மைக்கேல் ரட்டர் என்னும் ஆங்கில மனநல மருத்துவர், இலண்டன் மாநகரின் 12 பள்ளிகளைத் தம் குழுவினரோடு ஆராய்ந்து 1979-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒரு பிள்ளை பள்ளியில் கழிக்கும் காலம் பதினையாயிரம் மணி நேரம் என்பதே அந்நூலின் பெயர். ஒரே வகைக் குடும்பங்களிலிருந்து வந்த பிள்ளைகளும் பள்ளிக்குப் பள்ளி வேறுபட்ட நடத்தை காட்டினர். கட்டடம் பழையதா புதியதா என்பது அதற்குக் காரணமாக இல்லை. பாராட்டு கிடைக்கும் பள்ளி, மாணவர்க்குப் பொறுப்புகள் தரும் பள்ளி, ஆசிரியர் நேரத்திற்கு வகுப்பில் நுழையும் பள்ளி ஆகியவற்றில் நடத்தை நன்றாயிருந்தது. இன்னொன்று ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் எம்மி வெர்னர் என்னும் அம்மையார் செய்தது. 1955-இல் அங்குப் பிறந்த 698 குழந்தைகளை நாற்பது வயதுவரை தொடர்ந்து கவனித்தார். வறுமை, குடி, குடும்பச் சண்டை ஆகியவற்றிற்கிடையே பிறந்த பிள்ளைகளுள் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல மனிதர்களாக, தன்னம்பிக்கை உடையவர்களாக வளர்ந்திருந்தனர். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றுள் ஒன்று, பாட்டியோ மாமாவோ ஆசிரியரோ, நிலையாக அன்பு காட்டிய பெரியவர் ஒருவரேனும் அவர்கள் வாழ்வில் இருந்தது.

கத்தோலிக்கராகிய நமக்கு இது புதிதாகப் படக்கூடாது. புனித தொன் போஸ்கோ 1877-இல் தம் தடுப்பு முறைக் கல்வியைப் பற்றி எழுதியபோது, ஆசிரியர் விளையாட்டு மைதானத்திலும் பிள்ளைகளோடு இருக்கவேண்டும் என்றுதானே வற்புறுத்தினார்! நாம் அவர் படத்தைப் பள்ளிச் சுவரில் மாட்டினோம். கையில் பிரம்பை எடுத்துக்கொண்டோம்.

பிரம்பைச் சட்டம் விலக்கிவிட்டது. தமிழ்நாட்டுக் கல்வி விதிகள் 2003-இல் திருத்தப்பட்டன. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையோடு மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்தது. 'அடியாத மாடு படியாது' என்று இன்றும் முணுமுணுக்கும் ஆசிரிய நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது: "பிரம்பை வாங்கிக்கொண்டீர்கள், சரி, அதற்குப் பதிலாக எங்கள் கையில் என்ன கொடுத்தீர்கள்?" நாற்பது ஐம்பது பிள்ளைகள் அமர்ந்த வகுப்பில் ஒருவன் நாற்காலியைத் தூக்கி எறிந்தால் அவர் யாரை அழைப்பது? இக்கேள்விக்கு விடையாகத்தான் பள்ளிதோறும் ஆலோசகர் வேண்டும் என்கிறோம்.

கண்ணாடி உடைப்பவன் நம் கண்ணில் படுகிறான். கண்ணில் படாத பிள்ளைகள் உண்டு. நிம்ஹான்ஸ் நிறுவனம் முன்னின்று நடத்திய 2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் 100-க்கு 7 பேருக்குச் சற்று அதிகமானோர் ஏதேனும் ஒரு மனநலக் குறையால் துன்புறுவதாகக் கணக்கிட்டது. நாற்பது பேர் வகுப்பில் ஏறத்தாழ மூவர். அந்த மூவரில் ஒருத்தி கடைசி விசுப்பலகையில் அமைதியாக அமர்ந்திருக்கும் பெண்ணாக இருக்கலாம். "தங்கமான பிள்ளை; இருக்கிற இடமே தெரியாது" என்று அவளைப் பற்றி நாம் சான்று தந்திருப்போம். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் காணியம்பாடி ஒன்றியத்தில் 1992 முதல் 2001 வரை நிகழ்ந்த இளையோர் இறப்புகளை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட அறிக்கை நெஞ்சை உலுக்குவது. 10 முதல் 19 வயதுக்குட்பட்டோரில் தற்கொலையால் இறந்தோர் ஆண்டுக்கு இலட்சத்திற்கு ஆண்பிள்ளைகள் 58, பெண்பிள்ளைகள் 148. இருக்கிற இடம் தெரியாத பிள்ளைகளைப் பற்றி இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

தேர்வு முடிவு வரும் நாள்களில் ஏற்படும் அச்சத்தைக் குறைக்க அரசு சில நல்ல காரியங்களைச் செய்துள்ளது. தோற்ற பாடத்தை அதே ஆண்டில் துணைத்தேர்வாக எழுதலாம், ஓராண்டு வீணாவதில்லை. 2017 முதல் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியல் வெளியிடுவதும் நிறுத்தப்பட்டது. ஆயினும் முடிவு வந்த அன்று மாலை, "எதிர்வீட்டுப் பையன் எவ்வளவு?" என்று கேட்கும் நம் வாயை எந்த அரசாணையும் மூடவில்லை.

ஆலோசகர் பற்றிய பேச்சுக்கு வருவோம். 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பள்ளி மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் உடன் படித்த மாணவர்களாலேயே சாதி வெறியால் வெட்டப்பட்ட கொடுமையை நாம் மறந்திருக்கமாட்டோம். அதனையொட்டி அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு அவர்களின் ஒருநபர் குழு 2024 ஜூன் மாதம் தன் அறிக்கையை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டக்கூடாது என்ற பரிந்துரையே செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. ஐந்நூறு மாணவர்க்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு நல அலுவலர் ஒருவர் வேண்டும், ஒன்றியந்தோறும் பயிற்சி பெற்ற ஆலோசகர் வேண்டும் என்ற பரிந்துரைகளைப் பற்றி அவ்வளவாக எவரும் பேசவில்லை. கயிற்றை அறுப்பது எளிது. செலவும் இல்லை. அந்தக் கயிற்றைக் கட்டிக்கொண்டால்தான் தனக்கென ஒரு கூட்டம் உண்டு என்று பதினான்கு வயதுப் பையன் ஏன் நினைக்கிறான் என்பதைக் கேட்க ஒருவர் வேண்டுமல்லவா? மேலூர்ப் பக்கமும் உசிலம்பட்டிப் பக்கமும் பேருந்தின் படிக்கட்டில் தொங்கிவரும் பிள்ளைகளின் மணிக்கட்டைப் பார்ப்பவர்க்கு இக்கேள்வி தொலைவில் உள்ளது அன்று என்பது விளங்கும். நம் மறைக்கல்வி வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் கையிலும் நான் பார்த்திருக்கிறேன்.

கைப்பேசியே எல்லாவற்றிற்கும் காரணம் என்போர் உளர். கைப்பேசி ஒரு காரணமாயிருக்கலாம். எனினும் முன்பு சொன்ன மாணவனின் காலத்தில் கைப்பேசி ஏது?

இனி, நாம் செய்யத்தக்கவை. பங்குகளிலும் துறவற சபைகளாலும் நடத்தப்படும் பள்ளிகளில் ஆலோசனைப் பொறுப்பை அருட்சகோதரி ஒருவரிடம் ஒப்படைத்திருப்பதைப் பார்க்கிறோம். நல்லதே. ஆனால் அவரே பத்தாம் வகுப்புக் கணித ஆசிரியையாகவும் ஒழுங்குக் குழுவின் தலைவியாகவும் இருந்தால், பீகாரில் ஆசிரியர்க்கு நேர்ந்ததே அவருக்கும் நேரும். அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில், தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடாமல், சில கேள்விகளைக் கேளுங்கள். மதிப்பெண் போடாத, தண்டிக்காத பெரியவர் ஒருவர் இப்பள்ளியில் உண்டா? அவரிடம் பேசக் கதவு சாத்தக்கூடிய ஓர் அறை உண்டா? பிள்ளை சொல்லியது, உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து இல்லாதவரை, ஆசிரியர் ஓய்வறையில் பேச்சுப்பொருள் ஆகாது என்ற உறுதி உண்டா? சில ஆண்டுகளுக்கு முன் பள்ளிகளில் வைக்கப்பட்ட 'மாணவர் மனசு' பெட்டி உங்கள் பள்ளியில் திறக்கப்படுகிறதா, தூசி படிந்து கிடக்கிறதா? முழுநேர ஆலோசகருக்கு ஊதியம் தர இயலாது என்பார்கள். இரண்டு மூன்று பள்ளிகள் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ள இயலாதா என்று கேளுங்கள். ஆண்டு விழாப் பந்தலுக்குச் செலவிடுவதில் ஒரு பகுதி போதுமே என்று சொல்ல எனக்கு நாக்கு துடிக்கிறது, தாளாளர்கள் கோபிப்பார்கள்.

பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் என்ன செய்வது? பிள்ளையை எல்லோர் முன்னிலையிலும் அடித்துத் தம் மானத்தைக் காத்துக்கொள்ளும் தந்தையைப் போல் செய்யாதீர்கள். "எப்போதிலிருந்து இப்படி இருக்கிறான்?" என்று ஆசிரியரைக் கேளுங்கள். மாறிய நாளைக் கண்டுபிடித்தால் காரணம் பாதி கிடைத்துவிடும். நான் சொன்ன மாணவனின் நடத்தை ஆடிக்குப் பின் மாறியது என்பது வருகைப் பதிவேட்டிலேயே இருந்தது. அதைப் புரட்டிப் பார்க்க எங்களுள் ஒருவருக்கும் தோன்றவில்லை. வீட்டில் அவனோடு பேசும்போது, "ஏன் இப்படிச் செய்தாய்?" என்பதைவிட "இரவு தூங்கினாயா?" என்பது நல்ல தொடக்கம். தூக்கம், பசி, நண்பர்களை விட்டு விலகுதல், முன்பு விரும்பிய விளையாட்டை வெறுத்தல் ஆகியவற்றில் மாற்றம் இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மனநல மருத்துவம் என்றதும் ஊரார் பேச்சுக்கு அஞ்சவேண்டா. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் அதற்கென்று தனிப் பிரிவு உள்ளது. மருத்துவர் சி. இராமசுப்பிரமணியன் 1992-இல் மதுரையில் தொடங்கிய எம். எஸ். செல்லமுத்து அறக்கட்டளையும் மனநலப் பணியில் ஊன்றி நிற்கிறது.

தொலைபேசி எண்கள் சிலவற்றையும் தருகிறேன். பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. இது 2018 முதல் இயங்குகிறது. மனநல ஆலோசனைக்கு இரவும் பகலும் 14416. பிள்ளைகள் துன்புறுத்தப்பட்டால் 1098. இவற்றை உங்கள் கைப்பேசியில் மட்டும் பதிந்து வைக்காதீர்கள். பிள்ளையின் புத்தகப் பையிலோ, நாட்காட்டியின் ஓரத்திலோ, அவன் எவரிடமும் கேளாமலே பார்க்கக்கூடிய இடத்தில் எழுதி வையுங்கள். சில பிள்ளைகளுக்கு, வீட்டாருக்குத் தெரியாமல் அழைக்கவேண்டிய நிலை இருக்கும்.